ஓதம் ஏறாத பின் போர்டு: டெல்டா வீட்டுச் சுவருக்கு ஒரு செய்முறை

தாளையும் படத்தையும் ஊசியால் குத்தி வைக்கும் பின் போர்டு செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு பலகை, நடுவில் ஊசி இறங்கும்படி மெத்தென்று ஏதாவது, மேலே ஒரு துணி. பசை காயும் நேரத்தைக் கழித்தால் அரை நாள் வேலை. ஆனால் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ நாகப்பட்டினத்திலோ மாட்டிய போர்டு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டி ஒழுங்காக நிற்கிறதா என்பதுதான் விஷயம். கெடுவது முன்பக்கம் இல்லை, முதுகுப் பக்கம். சுவரின் ஓதம், அதாவது ஊறிய ஈரம், பின்னாலிருந்து ஏறும். பிளைவுட் உப்பும், அட்டை நமுத்துப் போகும், பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் விழும், கடைசியில் கரையான் வரும். அதனால் இங்கே அலங்காரத்தைவிடச் சுவருக்கும் முதுகுக்கும்தான் இடம் அதிகம்.

அளவு 3 அடிக்கு 2 அடி என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாள் எட்டு நெருக்கமாகக் கொள்ளும். தையல், ஆரி வேலை, மார்கழிக் கோலம், வீடு கட்டும் யோசனை, குரூப் 4 படிப்பு என்று எதற்கும் இது போதும். இதைவிடப் பெரிதாகச் செய்தால் ஒரே ஆள் தூக்கி மாட்ட முடியாது, மழைக்காலத்தில் கழற்றி வெயிலில் வைக்கவும் சோம்பலாக இருக்கும்.

முதலில் சுவர்

இந்தப் பக்கத்து ஓதம் மழையோடு மட்டும் வருவதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால் ஓரத்து வீடுகளிலும் வயலை ஒட்டிய வீடுகளிலும் நிலம் ஊறியே கிடக்கும். அஸ்திவாரம் வழியாகச் செங்கல் அந்த ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். தரையிலிருந்து 2, 3 அடி உயரத்துக்கு வெள்ளை பொரிந்து, உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிர்ந்தால் அது இந்த ஓதம்தான். மேலிருந்து இறங்கும் ஓதம் வேறு. மாடியில் தண்ணீர் தேங்கினாலோ பக்கத்தில் குளியலறை இருந்தாலோ அது வரும். இரண்டும் இல்லாத உள்சுவரே போர்டுக்கு நல்லது. வடகிழக்குப் பருவமழையில் சாரல் வடக்கிலும் கிழக்கிலும் அடிப்பதால், அந்தப் பக்கத்து வெளிச்சுவர்களை விட்டுவிடுங்கள். மேற்குச் சுவரில் சாரல் குறைவுதான், ஆனால் எதிர் ஜன்னல் வழியாகக் காலை வெயில் நேரே விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் படங்கள் வெளுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஓதத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, 2 நாள் விடுங்கள். பிறகு எடுக்கும்போது பாலிதீனின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வேறு இடம் பாருங்கள். நம்மைப் பார்த்த பக்கத்தில் மட்டும் ஈரம் என்றால் அறையில் புழுக்கம் அதிகம். அதை ஜன்னல் திறந்து, மின்விசிறி போட்டுச் சமாளிக்கலாம். இந்தச் சோதனையைச் சித்திரையில் செய்து பயனில்லை. எந்தச் சுவரும் அப்போது காய்ந்துதான் இருக்கும். கார்த்திகையில் செய்யுங்கள், போர்டை மாசி, பங்குனியில் செய்யுங்கள். அறுவடை முடிந்து காற்று காய்ந்திருக்கும் அந்த மாதங்களில் பசையும் வார்னிஷும் ஒரே நாளில் இறுகும்.

நடுவில் என்ன வைப்பது

போர்டின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த நடு அடுக்குதான். கடையில் கிடைப்பது நான்கு வகை.

கார்க் எல்லாவற்றிலும் உசத்தி. பின்னை எடுத்தால் துளை தானாக மூடிக்கொள்ளும், ஈரத்தைப் பெரிதாகக் குடிக்காது. ஆனால் விலை கூடுதல். 2, 3 மில்லிமீட்டர் தடிமனில் சுருளாக விற்கும் கார்க்கை நேரே பிளைவுட்டில் ஒட்டி ஏமாறாதீர்கள். பின்னின் முள் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும், கார்க்கைத் தாண்டிப் பலகையில் முட்டி வளையும். குறைந்தது 10 மில்லிமீட்டர் வேண்டும்.

சாஃப்ட் போர்டு என்று பிளைவுட் கடைகளில் கேட்டால் 12 மில்லிமீட்டர் தடிமனில் மென்மையான அழுத்தப் பலகை கொடுப்பார்கள். 8 அடிக்கு 4 அடி முழுத் தாளாக வரும், சில கடைகளில் அறுத்தும் தருவார்கள். பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டுகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். பின் பிடிப்பு அருமை. குறை ஒன்றே ஒன்று, வெட்டிய ஓரம் வழியாக ஈரத்தைக் குடித்து உப்பும். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து நான்கு ஓரத்துக்கும் இரண்டு பூச்சு கொடுத்துக் காயவைத்தால் இது பெரிதும் குறையும்.

தெர்மோகோல் மலிவு, ஈரம் ஏறாது, கனமும் இல்லை. அதனால்தான் எங்கள் முதல் சிபாரிசு இது. 20 மில்லிமீட்டர் தடிமன், விரலால் அழுத்தினால் குழி விழாத அடர்த்தியான ரகம் கேளுங்கள். பிறந்த நாள் அலங்காரத்துக்கு விற்கும் பொரபொர ரகம் வேண்டாம், மணி மணியாக உதிரும். தெர்மோகோலில் பின் குத்திய துளை மூடிக்கொள்ளாது. ஒரே இடத்தில் பத்து முறை குத்தினால் அந்த இடம் தளர்ந்துவிடும். மேலே போடும் துணி தடிமனாக இருந்தால் இந்தக் குறை பாதி மறையும்.

பெட்டி அட்டை மளிகைக்கடையில் சும்மா கிடைக்கும். 3 அடுக்கு, ஒவ்வொரு அடுக்கின் வரியும் குறுக்கும் நெடுக்குமாக மாறி வரும்படி ஒட்டினால் நன்றாகவே பிடிக்கும். மைதாப் பசையில் ஒட்டினால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்த மாதிரி. புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது அதற்காகத்தான். அது விஷம். சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது, குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது. வீட்டில் இந்த வேலைக்கு ஃபெவிகாலே போதும்.

முகத்துக்குச் சணல் சாக்கு

வெல்வெட், ஃபெல்ட், காடாத் துணி எல்லாம் போடலாம். ஆனால் நெல் விளையும் ஊரில் சணல் சாக்கு இருக்கும்போது காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சணலின் இழை தடிப்பாக, இடைவெளி விட்டு நெய்தது. பின் இழைகளுக்கு நடுவே புகுந்து, எடுத்ததும் இழை பழைய இடத்துக்கு வந்து துளையை மறைத்துவிடும். வெல்வெட்டில் ஆறு மாதத்தில் தெரியும் துளைக்காடு இதில் தெரியவே தெரியாது.

50 கிலோ பிடிக்கும் சாக்கு ஒன்றைப் பிரித்து விரித்தால் சுமார் 37 அங்குலத்துக்கு 45 அங்குலம் வரும். நமக்கு வேண்டியது 42-க்கு 30, ஒவ்வொரு பக்கமும் பின்னால் மடிக்க 3 அங்குலம் சேர்த்து. ஒரு சாக்கு போதும். பக்கத் தையலைக் கத்தரியால் நறுக்காதீர்கள். தையல் நூலின் ஒரு முனையில் முடிச்சை அவிழ்த்து, சரியான இழையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று ஒரே இழுப்பில் பிரிந்து வரும். இழுத்து வரவில்லை என்றால் எதிர் முனையிலிருந்து முயலுங்கள். பிரித்த பிறகு வாசலில் வைத்து நன்றாக உதறுங்கள், மூலைகளில் நெல்லும் வண்டும் பதுங்கியிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, ஒரு முழு நாள் வெயிலில் காயவையுங்கள். துவைக்காமல் இழுத்து அடித்தால், பின்னால் ஈரம் பட்டுச் சுருங்கும்போது ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். மழைக்காலத்தில் ஒரு எண்ணெய் வாடையும் அடிக்கும். காய்ந்ததும் சூடான இஸ்திரி போடுங்கள். கஞ்சி போட வேண்டாம், பூச்சி வரும். மேலே அச்சடித்த எழுத்து பிடிக்காவிட்டால் உட்புறத்தை முகமாக வையுங்கள்.

கோரைப்பாய் முகமும் அழகுதான். கொள்ளிடம் பக்கத்தில் தைக்காலில் பாயும் பிரம்புச் சாமானும் வரிசையாகக் கடை போட்டு விற்கிறார்கள். ஆனால் கோரையை ஓரத்தில் மடித்தால் முறியும். அதனால் போர்டின் அளவுக்கே பாயை வெட்டி, வெட்டிய ஓரத்தில் உடனே துணி டேப் ஒட்டி, மேலே மர பீடிங் (மெல்லிய மரச் சட்டம்) அடித்துவிட வேண்டும். பின்னைக் கோரையின் மேல் குத்தினால் தண்டு பிளக்கும், இரண்டு தண்டுக்கு நடுவே இறக்குங்கள். கார்த்திகையில் கோரையில் பச்சையாகப் பூஞ்சை கட்டும். உலர்ந்த துணியால் துடைத்து வெயில் காட்டினால் போகும்.

சேர்த்துப் பூட்டுவது

தேவையானவை: 3 அடிக்கு 2 அடி 6 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று, 1 மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மோகோல் தாள் இரண்டு, கால் கிலோ ஃபெவிகால், சாக்கு, ஸ்டேப்ளர் கன், 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஸ்டேப்ளர் முள், சின்ன டப்பா வார்னிஷ் அல்லது வுட் பிரைமர், பழைய ரப்பர் செருப்பு ஒன்று. செருப்பு எதற்கு என்பது பின்னால் வரும்.

முதல் வேலை பிளைவுட்டின் பின்பக்கத்துக்கும் நான்கு ஓரத்துக்கும் வார்னிஷ் இரண்டு கோட். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது. முன்பக்கத்தைப் பூசாமல் விடுங்கள், பசை பிடிக்க வேண்டும்.

தெர்மோகோல் தாளின் அகலம் 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, நமக்கு 24 வேண்டும். ஒரு தாளை 36 அங்குல நீளத்துக்கு வெட்டி, மிச்சமுள்ள நாலே கால் அங்குலப் பட்டையை இரண்டாவது தாளில் எடுத்துக் கீழ் ஓரத்தில் சேருங்கள். இணைப்பு மேலே வந்தால் பின் சரியாகப் பிடிக்காது, கீழே வந்தால் யாருக்கும் தெரியாது. இணைப்பின் மேல் ஒரு பேப்பர் டேப். கட்டர் கத்தி புதிதாக இருக்கட்டும், மழுங்கிய கத்தி தெர்மோகோலை வெட்டாது, பிய்க்கும்.

ஒட்டும் பசையில்தான் அதிகம் பேர் சறுக்குவது. பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் ஆசாரிகள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசையைத் தெர்மோகோலில் தடவினால், அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைக் கண் முன்னாலேயே கரைத்துக் குழி குழியாக்கிவிடும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படியே. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை மட்டும்தான். பிளைவுட்டின் முன்பக்கத்தில் பசையை மெல்லியதாக, பழைய ஏடிஎம் கார்டு போன்ற ஒன்றால் வழித்துப் பரப்புங்கள். தெர்மோகோல் வழியாகத் தண்ணீர் ஆவியாகாது, மரம்தான் உறிஞ்சியாக வேண்டும். அதனால் கெட்டியாகப் பூசினால் நடுவில் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். மேலே தட்டையாகப் பலகை வைத்து, புத்தகக் கட்டு, அரிசி மூட்டை என்று பாரம் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். மழைக்காலம் என்றால் 2 நாள்.

துணி இழுத்து அடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. சாக்கைக் கவிழ்த்து விரித்து, அதன் மேல் போர்டையும் கவிழ்த்து வையுங்கள். மேல் விளிம்பின் நடுவில் ஒரு முள். எதிரே கீழ் விளிம்பின் நடுவில், துணியை இழுத்துப் பிடித்து ஒரு முள். பிறகு இடது நடு, வலது நடு. இப்போது முன்பக்கம் திருப்பி இழை நேராக ஓடுகிறதா பாருங்கள். கோணல் இருந்தால் இந்த நான்கு முள்ளைப் பிடுங்குவது சுலபம், நாற்பது முள்ளைப் பிடுங்குவது இல்லை. சரி என்றால் நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி, அங்குலத்துக்கு ஒரு முள். ஒரு பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் மூலையில் துணி குவிந்து அலை அலையாகச் சுருக்கம் விழும். மூலைகள் கடைசி. நுனியை உள்ளே மடித்து, இரு பக்கத்தையும் அதன் மேல் மடக்கி, இரண்டு முள். சணல் மூலையில் ரொம்பத் தடிப்பாக இருந்தால் உள்மடிப்பைக் கத்தரியால் குறைக்கலாம். ஸ்டேப்ளர் கன் இல்லாதவர்கள் சோபா வேலைக்காரர்கள் அடிக்கும் அரை அங்குலச் சிற்றாணியை வைத்துச் சமாளிக்கலாம், நேரம் மூன்று பங்காகும்.

சுவரைத் தொடாமல் மாட்டுவது

செருப்பின் வேலை இங்கேதான். அதன் அடிப்பாகத்தை ஓரங்குலச் சதுரமாக நான்கு துண்டு வெட்டி, போர்டின் முதுகில் நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். இது மரத்தின் மேல் ஒட்டுவதால் ரப்பர் பசை போடலாம். இரண்டு பரப்பிலும் தடவி, 10 நிமிடம் விட்டு, பசபசப்பு நின்றதும் அழுத்த வேண்டும். பசை தெர்மோகோல் ஓரத்தில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டுக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலத்துக்கு மேல் சந்து கிடைக்கும், காற்று ஓடும். பல்லி முட்டையிடும் என்று சிலர் இந்தச் சந்தை அடைத்துவிடுகிறார்கள். பல்லியைத் துரத்தலாம், ஓதத்தைத் துரத்த முடியாது. சந்து இருந்தால் கரையான் மண்கோடு போடுவதும் டார்ச் அடித்தால் தெரியும்.

போர்டு மொத்தம் 3 கிலோ சுற்றித்தான் வரும். முதுகில் இரண்டு மாட்டு வளையம் வைத்தால், சுவரில் இரண்டு ஸ்குரூ தாங்கும். சிமென்ட் பூச்சுள்ள செங்கல் சுவரில் 6 மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, ஒன்றரை அங்குல ஸ்குரூ. அக்கிரகாரத்து ஓட்டு வீடு போன்ற பழைய சுண்ணாம்புச் சுவர்களில் கதை வேறு. டிரில்லிங் மிஷினைச் சுத்தியல் முறையில் ஓட்டினால் ஒரு கைப்பிடிச் சாந்து கொட்டித் துளை கிண்ணமாகிவிடும். சுழல் முறையில் மட்டும் மெதுவாக ஓட்டி, சாந்து இணைப்பில் இல்லாமல் செங்கல்லிலேயே இறக்கி, 8 மில்லிமீட்டர் பிளக்கும் இரண்டரை அங்குல ஸ்குரூவும் போடுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் உத்தரத்தில் கொக்கி மாட்டிக் கம்பியில் தொங்கவிடுவது உத்தமம். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது, வயர் குழாய் அந்த வழியில்தான் ஓடும். இரண்டு துளையின் மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். ஒட்டும் கொக்கிகள் டைல்ஸிலும் நல்ல பெயின்டிலும் நிற்கும், சுண்ணாம்பு அடித்த சுவரிலும் டிஸ்டம்பரிலும் நிற்காது. கொக்கி சுவரை விட்டுவிடவில்லை, மேல் பூச்சைப் பிடித்தது, பூச்சுதான் சுவரை விட்டுவிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் ஜன்னல் கம்பியிலோ பீரோ பக்கத்திலோ கட்டுங்கள், அல்லது மேசை மேல் சாய்த்து வையுங்கள்.

உயரம்: நின்று பார்ப்பதற்குப் போர்டின் நடு தரையிலிருந்து 5 அடி. மேசைக்கு மேல் என்றால் மேசைப் பரப்புக்கும் போர்டின் கீழ் ஓரத்துக்கும் 6 முதல் 8 அங்குலம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் குத்தும் பின் எதுவும் வேண்டாம். இரண்டு கொக்கிக்கு நடுவே கம்பி கட்டி கிளிப்பில் மாட்டுங்கள்.

பின், தாள், துணித்துண்டு

கடலோர ஊர்களில் காற்றில் உப்பு, சாதா இரும்புப் பின் ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். பித்தளைத் தலைப் பின் என்று விற்பதில் பலவற்றில் முள் இரும்பேதான், காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். முள்ளைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, தலை மேலே வரும்படி குத்தினால் தாளின் பாரத்தில் பின் இன்னும் உள்ளே அமரும், நேராகக் குத்தினால் மெல்ல வெளியே வரும். நம் வீடுகளில் மின்விசிறி ஓயாது. மேலே ஒரு பின் மட்டும் குத்திய தாள் நாளெல்லாம் படபடத்துத் துளை கிழிந்துவிடும். மேலே இரண்டு, கீழே ஒன்று.

இங்க்ஜெட் பிரின்ட் பெரும்பாலும் ஈரக் கை பட்டாலே கசியும், லேசர் பிரின்ட் தாக்குப்பிடிக்கும். ஜவுளிக்கடை பில் போன்ற வெப்பத்தாள் எழுத்து சில மாதத்தில் மறையும். அதிலுள்ள தகவல் வேண்டும் என்றால் ஜெராக்ஸ் எடுத்துக் குத்துங்கள். பட்டில் நேரே பின் குத்தாதீர்கள், துளை நிற்கும், துருக் கறை போகாது. நெட்டி வேலைப்பாட்டுத் துண்டு போன்ற மென்மையான பொருளை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எதைக் குத்துவது என்பதில் ஒரே கண்டிப்பு: ஒரு போர்டுக்கு ஒரு வேலை. கல்யாணப் புடவைக்கு ஆரி ரவிக்கை என்று வைத்துக்கொள்வோம். திருபுவனம் பட்டு வந்திருக்கிறது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து உதிர்ந்த, புடவை உடலின் நிறத்து நூல், ஜரிகை நூல் இரண்டையும் ஒரு வெள்ளை அட்டைத் துண்டில் சுற்றிப் போர்டின் நடுவுக்குச் சற்று மேலே குத்துங்கள். மற்றது எல்லாம் இதற்குக் கட்டுப்பட வேண்டும். பக்கத்தில் ரவிக்கைத் துணித்துண்டு, ஆரி நூல் மூன்று நிறம், குந்தன் கல்லும் மணியும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில். கழுத்து மாதிரிப் படங்கள் நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படத்தின் கீழும் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: "கைக்கரை அகலம் மட்டும்", "பின் கழுத்து வளைவு". எழுதாவிட்டால் பத்து நாள் கழித்து அந்தப் படத்தை ஏன் குத்தினோம் என்றே நினைவிருக்காது. இப்போது காலை வெளிச்சத்தில் ஒருமுறை, ராத்திரி எல்இடி வெளிச்சத்தில் ஒருமுறை, மண்டபத்தில் மஞ்சள் விளக்கு என்றால் அதிலும் ஒருமுறை பாருங்கள். பகலில் ஒத்துப்போன மயில்கழுத்து நிறமும் நூலும் ராத்திரியில் பிரிந்து நிற்பது சகஜம். துணி வெட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளத்தான் போர்டு.

முதலில் எல்லாவற்றையும் தரையில் 3-க்கு 2 அடியில் பரப்பிப் பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு குத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். நிரம்பிய போர்டில் புதிதாக எதையும் யாரும் சேர்ப்பதில்லை, தாள் மேல் தாள் ஏறி அது பில் குத்தும் கம்பி ஆகிவிடும். கோலத்துக்கு வேறு வழியும் உண்டு. 2 அங்குல இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து பின் குத்தி, பின்களுக்கு நடுவே நூலை வளைத்து ஓட்டிச் சிக்குக் கோலத்தைப் பழகலாம். எங்கே தப்பினோம் என்பது நூலைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் தெரியும்.

மாதம் ஒருமுறை சந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மண்கோடு தெரிந்தால் போர்டைக் கழற்றி, கோட்டைச் சுரண்டி, கரையான் மருந்து அடித்து, சுவர் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். மார்கழியில் மழை விட்டதும் ஒரு நாள் கழற்றி, முதுகு வெளியே தெரியும்படி இளவெயிலில் சாய்த்து வையுங்கள். உச்சிவெயிலில் பூட்டிய காருக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ வைத்தால் தெர்மோகோல் வளைந்துவிடும். சாக்கு அழுக்கானால் நான்கு பக்கத்து முள்ளையும் ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, துணியை மட்டும் மாற்றுங்கள். கீழேயுள்ள பலகையும் தெர்மோகோலும் அப்படியே அடுத்த துணிக்கு உதவும்.